மருத்துவ உண்மையும் சீட்டுக் குலுக்கலும்



"ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டுள்ளது" என்னும் தொடர் காதில் விழாத நாளே இன்று நமக்கு இல்லை. பத்திரிகை அதைக் கூறுகிறது, வானொலி கூறுகிறது, சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வீடு வந்து சேருமுன்னரே கைத்தொலைபேசியும் கூறிவிடுகிறது. கருஞ்சீரகம் சீனி வருத்தத்தை அடியோடு நீக்கிவிடும் என்று ஓர் ஆராய்ச்சி; பிரஷர் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும் என்று மற்றோர் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி எந்த ஊரில் நடந்தது, எத்தனை பேரிடம் நடந்தது, எதனோடு எதனை ஒப்பிட்டு இம்முடிவுக்கு வந்தனர் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. செய்தியை அனுப்பியவருக்கும் தெரியாது. அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது.

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை கூறும் ஆராய்ச்சிகளும் உலகில் உள்ளன. அவற்றுட் சில நமது இலங்கைத் தீவிலேயே, கிளினிக் வாங்குகளில் காத்திருக்கும் நம்மவர் போன்ற மக்களிடையே நடந்தவை என்பது பலர் அறியாத செய்தி. அவற்றுள் ஒரு சிலவற்றை இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். கலைப்பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபர். ஆயினும் ஒப்பிட்டுப் பார்த்தல் என்பது எத்துறையினர்க்கும் பொதுவான அறிவு அன்றோ!

முதலில் முறையைப் பார்ப்போம். ஒரு வைத்தியர் புதிய மருந்தொன்றைப் பத்து நோயாளருக்குக் கொடுக்கிறார். எட்டுப் பேர் குணமடைகின்றனர். மருந்தினால் குணமடைந்தனர் என்று கூறிவிடலாமா? மருந்து கொடாதிருந்தாலும் அந்த எட்டுப் பேரும் குணமடைந்திருக்கக் கூடும். ஆகவே மருந்து பெறாத இன்னொரு பத்துப் பேரோடு ஒப்பிடல் வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியரே தீர்மானித்தால், தம்மை அறியாமலே திடகாத்திரமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். பாடசாலையில் இரண்டு கற்பித்தல் முறைகளை ஒப்பிட விரும்பும் அதிபர், கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் 'அ' வகுப்பிற்கு அனுப்பிவிட்டு, 'அ' வகுப்பு முறையே சிறந்தது என்று மார்தட்டினால் யார் ஒப்புக்கொள்வர்?

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக மருத்துவ மேதை அல்-ராஸி, ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே செய்யாது விட்டு விளைவைக் கவனித்ததாகத் தம் நூலில் எழுதியுள்ளார். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். எனினும் இவர்கள் இருவருமே ஆட்களைத் தாமே பிரித்தனர். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பான முறையால் தீர்மானிக்கும் வழக்கம், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பற்றி 1948இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆய்வுக்குப் பின்னரே மருத்துவ உலகில் வேரூன்றியது. குலுக்கலுக்கு இரக்கமும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை. வயோதிபர், வாலிபர், வசதியுள்ளோர், வறியோர் எல்லாரும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடுவர். எஞ்சி நிற்கும் வேறுபாடு மருந்து ஒன்றே.

மனிதரைக் குலுக்கிப் போடுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். முழு விபரமும் கூறப்பட்டு, நோயாளி மனமொப்பிக் கையெழுத்திட்டாலன்றி எவரையும் இத்தகைய ஆய்வில் சேர்த்தல் ஆகாது. விரும்பிய நேரத்தில் விலகிக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. ஒழுக்கநெறிக் குழுவொன்று முன்கூட்டியே அனுமதி வழங்கியிருக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளைத் தொடங்குமுன்னரே பகிரங்கமாகப் பதிந்து வைக்கும் பதிவேடொன்றினை இலங்கை மருத்துவச் சங்கம் 2006ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. முன்னரே பதிவதன் பயன் யாதெனில், முடிவு தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஆய்வையே மறைத்துவிடுவது கடினமாகும்.

நிற்க. இனி நம் வீடுகளுக்குள் இருக்கும் நோய்க்கு வருவோம்.

உயர் இரத்த அழுத்தம், நாம் 'பிரஷர்' என்று சொல்வது, வலி தராத நோய். வலி தராமையே அதன் கொடுமை. தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று எண்ணிக் குளிசையை நிறுத்திவிடுவோர் நம் கரையோர ஊர்களில் ஏராளம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும், "வாப்பாவுக்கு இப்பொழுது சுகம், குளிசையை விட்டுவிட்டார்" என்று பிள்ளைகள் பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறேன். குளிசையால் இறங்கிய அழுத்தம் குளிசையை விட்டதும் ஏறும். ஏறிய அழுத்தம் பல ஆண்டுகள் அமைதியாக இருந்து, ஒருநாள் மூளையிலோ இருதயத்திலோ சிறுநீரகத்திலோ தன் வேலையைக் காட்டும். சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குளிசையன்று. குளிசையால் அடக்கப்படாத அழுத்தமே.

இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் வழக்கமான முறை படிப்படியானது. ஒரு மருந்து தொடங்குவர். போதாவிடின் அளவைக் கூட்டுவர். அதுவும் போதாவிடின் இரண்டாவது மருந்து. ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். ஒரு கிளினிக் நாள் தவறினால் படி ஏறுவதும் தவறும். பெருந்தொகையான நோயாளர் முதற் படியிலேயே நின்றுவிடுகின்றனர்.

இம்முறையை மாற்றிப் பார்த்தால் என்ன என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள், களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் ஒஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனத்து ஆய்வாளரும் ஆவர். அவர்கள் மூன்று மருந்துகளை ஒரே குளிசையில் அடக்கினர்: டெல்மிசார்ட்டன் 20 மில்லிகிராம், அம்லோடிபைன் 2.5 மில்லிகிராம், குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம். மூன்றும் புதியன அல்ல. நம் மருந்துக் கடைகளுக்குப் பழக்கமானவையே. புதுமை அளவிலே இருந்தது. ஒவ்வொன்றும் வழக்கமான அளவில் பாதி. ஏன் பாதி? 354 ஆய்வுகளைத் திரட்டி 2003இல் வெளியிட்ட கணக்கொன்று, இவ்வகை மருந்தைப் பாதி அளவில் கொடுத்தாலும் அழுத்தம் குறைவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பயன் கிடைத்துவிடுகிறது என்று காட்டியிருந்தது. பெரும்பாலான மருந்துகளில் பக்கவிளைவோ அளவு குறையும்போது வெகுவாகக் குறைகிறது. மூன்று மருந்தும் மூன்று வழிகளில் வேலை செய்கின்றன. ஒன்று நாளங்களை இறுக்கும் சுரப்பின் வேலையைத் தடுக்கிறது; ஒன்று நாளச் சுவரைத் தளர்த்துகிறது; ஒன்று மிகையான உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. மூன்று பேர் சிறிதளவு தோள் கொடுத்து ஒரு தோணியைக் கரையேற்றுவது போல என்க.

2016இலும் 2017இலும் இலங்கையின் நகரங்களிலுள்ள 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேர் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு மூன்று மருந்துக் குளிசை. பாதிப் பேருக்கு வழமையான சிகிச்சை. ஆறு மாதத்தின் பின், மூன்று மருந்துக் குளிசை பெற்றோரில் 100க்கு 70 பேர் வேண்டிய அளவுக்கு அழுத்தம் இறங்கப் பெற்றனர். வழமைச் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 55 பேர். சராசரி அழுத்தம் முதற் குழுவில் 125க்கு 76. மற்றதில் 134க்கு 81. பக்கவிளைவு காரணமாகச் சிகிச்சையை விட்டோர் தொகை இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இம்முடிவு வெளிவந்தது. இதே எண்ணத்தின் வழியே, குளோர்தாலிடோனுக்குப் பதிலாக இன்டபமைட் சேர்த்து உருவாக்கப்பட்ட மூன்று மருந்துக் குளிசையொன்றுக்கு 2025இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இலங்கைக் கிளினிக்கில் வாங்கில் அமர்ந்திருந்த 700 பேரின் பொறுமை, உலகின் மறுகோடியில் உள்ளோருக்கும் வழிகாட்டியிருக்கிறது.

ஒன்றை இங்கு கூறிவைத்தல் நலம். இதைக் கேட்டுவிட்டு எவரும் தம் குளிசையைப் பாதியாக முறித்து விழுங்கத் தொடங்கலாகாது. மூன்று மருந்து சேர்ந்ததனாலேயே பாதி அளவு போதியதாயிற்று. ஒரே மருந்தைப் பாதியாக்குவது வேறு விடயம்.

குளிசை இருக்கிறது, அதை உண்ண வைப்பது யார்? இக்கேள்விக்கு விடை தேடிய மற்றோர் ஆய்வு வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமுதாயங்களில், 40 வயதுக்கு மேற்பட்ட 2,645 பேரிடம் நடந்தது. இங்கே குலுக்கிப் போட்டது ஆட்களை அல்ல, ஊர்களை. ஒரு பாதி ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று அழுத்தத்தை அளந்து, உப்பைக் குறைப்பது முதலானவற்றை வீட்டாரோடு கலந்து பேசி, தேவையுள்ளோரைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினர். இலங்கையில் இப்பணியைச் செய்தவர்கள், நம் வீடுகளுக்குக் கர்ப்பிணித் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்க வரும் மருத்துவமாதரே. இரண்டு ஆண்டு முடிவில் அவ்வூர்களில் மேல் அழுத்தம் சராசரி 9 அலகு இறங்கியது. மற்ற ஊர்களில் ஏறத்தாழ 4 அலகு. ஐந்து அலகு வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஓர் ஊர் முழுவதற்கும் ஐந்து அலகு குறையுமாயின் பாரிசவாதத்தால் விழுவோர் தொகை கண்கூடாகக் குறையும். இம்முடிவு 2020இல் வெளிவந்தது. கருவாடும் அச்சாறும் இல்லாத சோறு சோறாகாது என்னும் நம் கடற்கரையோரத்தில் உப்பைப் பற்றிப் பேசுவதற்குக் கிளினிக் மேசையைக் காட்டிலும் அடுப்படியே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். உப்புப் போடும் கை அங்கேதான் இருக்கிறது.

இனி வயலுக்குச் செல்வோம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்வெளிகளில் அறுவடைக் காலம் பாம்புக்கடிக் காலமுமாகும். இலங்கையில் ஆண்டுதோறும் எத்தனை பேரைப் பாம்பு கடிக்கிறது என்பதை அறியக் களனிப் பல்கலைக்கழகத்தார் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் 44,136 வீடுகளின் படலையைத் தட்டினர். வைத்தியசாலைப் பதிவுகளை மட்டும் நம்பினால், விஷகடி வைத்தியரிடம் சென்றோரும் வீட்டிலேயே இறந்தோரும் கணக்கில் வராமற் போவர் என்பதனாலேயே வீடு வீடாகச் சென்றனர். அவர்கள் கண்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் கடியுண்கின்றனர். 30,000 பேருக்கு உடலில் விஷம் ஏறுகிறது. 464 பேர் உயிரிழக்கின்றனர்.

விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷமேற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து இந்தியாவில் தயாரிக்கப்படும் மருந்தையே இலங்கை வைத்தியசாலைகள் பயன்படுத்தி வந்துள்ளன. குதிரையின் புரதத்தை மனித உடல் அன்னியமாகக் கருதுவதால், உயிர்காக்கும் அம்மருந்தே சிலரை உயிராபத்தில் தள்ளிவிடும்: உடல் தடிக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் சரியும். இதைத் தடுக்க வைத்தியர்கள் முன்கூட்டியே அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெத்தசின் ஆகிய மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ ஊசி மூலம் ஏற்றுவர். எது பயன் தரும் என்பது எவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தையே நம்பினர்.

முன்னர்க் கூறிய அசித்த டி சில்வாவும் அவர்தம் குழுவினரும் 2005 முதல் 2008 வரை, கடியுண்டு வந்த 1,007 பேரிடம் இதனைச் சோதித்தனர். மூன்று மருந்தும் தனித்தனியாகவும் சேர்த்தும், மருந்தற்ற வெறும் ஊசியும் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. எந்த ஊசியில் எது உள்ளது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. 2011இல் வெளிவந்த முடிவு வைத்திய உலகை நிமிர்ந்து உட்காரச் செய்தது. நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வகை எதிர்விளைவு உண்டாகியிருந்தது. தோலின் கீழ் ஏற்றிய சிறிதளவு அட்ரினலின், கடுமையான எதிர்விளைவை முதல் ஒரு மணி நேரத்தில் 100க்கு 43 வீதம் குறைத்தது. புரோமெத்தசினால் பயன் இல்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனாலும் பயன் இல்லை. அதுமட்டுமன்று, அதனை அட்ரினலினோடு சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் போயிற்று. "எதற்கும் இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு சேர்த்த மருந்து, நல்ல மருந்தின் கையைக் கட்டிவிட்டது! குலுக்கல் முறை இல்லாதிருந்தால் இந்த உண்மை எந்த அனுபவசாலியின் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

நேயர்களுக்கு இதில் நேரே பயன்படும் செய்தி ஒன்றுண்டு. மாற்று மருந்தும், அதன் எதிர்விளைவை அடக்கும் அட்ரினலினும், மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும் ஒரே இடத்தில் இருப்பது வைத்தியசாலையில்தான். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் காலத்தையும் காலையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

ஒரே முறை குலுக்கிப் பார்த்தால் உண்மை முழுவதும் வெளிப்பட்டுவிடுமா என்று கேட்கலாம். எப்பொழுதும் வெளிப்படாது. நஞ்சு உட்கொண்டு வருவோருக்குப் பதப்படுத்திய கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பது நெடுநாளைய சிகிச்சை. கரி நஞ்சை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பது தத்துவம். ஒருவகைத் தாவர நஞ்சினால் பாதிக்கப்பட்டு வந்த 401 பேரிடம் இந்நாட்டில் நடந்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த பாதியில் 5 பேரும், அவ்வாறு கொடாத பாதியில் 16 பேரும் இறந்திருந்தனர். மகத்தான பயன் என்றே எவரும் கூறுவர். ஆனால் பல்வகை நஞ்சுகளால் பாதிக்கப்பட்ட 4,632 பேரிடம், மூன்று வைத்தியசாலைகளில் நடந்த பேராய்வு 2008இல் வெளிவந்தபோது, திரும்பத் திரும்பக் கரி பெற்றோரில் 100க்கு 6.3 வீதத்தினரும், கரியே பெறாதோரில் 6.8 வீதத்தினரும் இறந்திருந்தனர். இது வேறுபாடே அன்று. முதல் ஆய்வில் இருந்த அதே தாவர நஞ்சுக்காரரைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் பயன் தென்படவில்லை. கொடுத்த அளவும் கால இடைவெளியும் இரண்டு ஆய்விலும் ஒன்றல்ல என்பதால் அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். இரு ஆய்வாளரும் நேர்மையாளரே. சிறிய தொகையில் தற்செயலுக்கு இடம் அதிகம், அவ்வளவே. கைத்தொலைபேசியில் "முப்பது பேரிடம் நடந்த ஆய்வு" என்று செய்தி வருமாயின் இந்த 401ஐயும் 4,632ஐயும் நினைத்துக்கொள்வது தகும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வும் நம் வயற்காரருக்கு உரியது. நெல்லின் தாளோ உமியோ கண்ணில் கீறினால், அக்கீறலில் பூஞ்சணம் புகுந்து கருவிழியைப் புண்ணாக்கிவிடும். இப்புண்ணுக்கு நட்டாமைசின் என்னும் பழைய துளிமருந்தும், வோரிகொனசோல் என்னும் புதிய மருந்தும் உள்ளன. புதியது சிறந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் கிளைகளும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து 323 பேரிடம் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட முடிவு, பழையதே மேலானது என்பது. பழைய மருந்து பெற்றோரின் பார்வை கூடுதலாகத் தேறியது. கருவிழி ஓட்டையாவதும் குறைந்தது. கண்ணில் தூசு விழுந்து சிவந்தால் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவதும், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு துளிமருந்தை வாங்கி விடுவதும் நம்மிடை உள்ள வழக்கம். அத்துளிமருந்தில் ஸ்டீரோயிட் கலந்திருக்குமாயின் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாகும்.

காசநோய் பற்றிய இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றி, முரணின்றி நிற்பவை. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினர் நல்லுணவும் ஓய்வும் தாதியர் கவனிப்பும் உள்ள சானட்டோரியத்தில் ஓராண்டு தங்கினர். மறு பாதியினர் நெருக்கடி மிகுந்த தம் சொந்தக் குடிசைகளில், அதே மருந்தை உண்டு வாழ்ந்தனர். 1959இல் வெளிவந்த முடிவு உலகத்தைத் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும் கூடுதல் இல்லை. உலகெங்கும் சானட்டோரியங்களின் கதவுகள் மூடப்பட இது பெருங்காரணமாயிற்று. இரும்பினான் என்று ஒதுக்கப்பட்ட நோயாளி தன் மனைவி மக்களோடு இருந்தே குணமாகலாம் என்று ஆயிற்று.

அப்படியாயின் உணவுக்குக் காசநோயில் இடமே இல்லையா? இல்லை என்று பலர் எண்ணிவிட்டனர். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழும் 10,345 உறவினரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் உயிர்ச்சத்துக் குளிசையும் வழங்கினர். நோயாளிகள் எல்லாருக்கும் இரு பகுதியிலும் உணவு கொடுக்கப்பட்டது. உறவினருக்குக் கொடுப்பதிலேயே வேறுபாடு. உணவு பெற்ற வீட்டார்க்குக் காசநோய் வருவது 100க்கு 39 வீதம் குறைந்தது. 2023இல் இம்முடிவு வெளிவந்தது. மருந்து சரியாக உண்பவனைக் குணமாக்குவதில் சானட்டோரியத்து நல்லுணவு மேலதிகமாக எதையும் செய்யவில்லை. ஆனால் மெலிந்த உடலில் நோய் குடிபுகாது தடுப்பதில் ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு மருந்தின் வலிமை இருக்கிறது. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு.

கடைசியாக, நம் ஊர்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு விடயம். ரமழான் மாதத்தில் சீனி வருத்தக்காரர் நோன்பு நோற்கலாமா? இதற்குச் சீட்டுக் குலுக்க முடியாது. நீ நோன்பிரு, நீ இராதே என்று ஒருவரின் வணக்கத்தைக் குலுக்கித் தீர்மானிக்க எந்த ஆய்வாளனுக்கும் உரிமை இல்லை. ஆகவே நடப்பதை நடந்தவாறே கணக்கெடுக்கும் ஆய்வுகளே இதில் உண்டு. 13 முஸ்லிம் நாடுகளிலும் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் நாடுகளிலும் 12,000 பேருக்கு மேற்பட்டோரிடம் திரட்டிய கணக்கு 2004இல் வெளிவந்தது. நடுவயதின் பின் வரும் இரண்டாம் வகை நீரிழிவுடையோரில் 100க்கு 79 பேர், மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருந்தும், குறைந்தது 15 நாளாவது நோன்பு நோற்றனர். அவர்களிடையே சீனி மிகத் தாழ்ந்து பிறர் உதவி தேவைப்படும் ஆபத்து, ரமழானில் ஏனைய மாதங்களைவிட ஏழரை மடங்கு உயர்ந்தது. இளமையில் வரும் முதலாம் வகையில் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இலண்டன் நகரில் 111 நோயாளரிடம் நடந்து 2010இல் வெளியான சிற்றாய்வு மற்றொன்று. ரமழானுக்கு முன் உணவு, மருந்து, இரத்தப் பரிசோதனை பற்றிய வகுப்புக்கு வந்தோரிடையே சீனி தாழ்ந்த சம்பவங்கள் 9லிருந்து 5ஆகக் குறைந்தன. வராதோரிடையே 9லிருந்து 36ஆகக் கூடின. எனினும் இங்கே குலுக்கல் இல்லை. வகுப்புக்கு வந்தோர் இயல்பிலேயே கவனமுள்ளோராக இருந்திருக்கலாம். ஆகவே பாம்புக்கடி ஆய்வுக்கு நாம் கொடுத்த நம்பிக்கையை இதற்கு அப்படியே கொடுத்தல் ஆகாது. ஆயினும் வகுப்புக்குச் செல்வதால் கெடுதி யாதும் இல்லை என்பதால், ஐயத்தின் பயனை வகுப்புக்கே அளிக்கலாம்.

நீரிழிவுச் சங்கங்களின் இன்றைய வழிகாட்டல், தலைப்பிறைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் காணும்படி கூறுகிறது. இன்சுலின் போடுவோரும் சிலவகைக் குளிசை உண்போரும் ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்; அதைத் தாமே மாற்றிக்கொள்வது ஆபத்து. நம் ஊர்களில் இக்காரியம் பெரும்பாலும் ஷஃபான் கடைசியில், சில வேளைகளில் முதல் நோன்பன்று மயங்கி விழுந்த பின்னரே நினைவுக்கு வருகிறது. சிலர் நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சிப் பகலில் இரத்தத்தைச் சோதிப்பதையும் விட்டுவிடுகின்றனர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. அவ்வாறு பார்க்கும்போது சீனி 70க்குக் கீழே இறங்கியிருந்தாலோ 300க்கு மேலே ஏறியிருந்தாலோ, மஃரிபுக்கு எவ்வளவு நேரம் இருப்பினும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் தீர்ப்பு.